‘டக் டக்’ என்கிறது, கார் ஓடவில்லை: கோளாறு எங்கே?

இந்த மாதப் பாடத்துக்குத் தேவையானவை ஒரு சாதாரண மல்டிமீட்டர், 10ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு துண்டு மணல்தாள், அம்மாவின் சமையல் அறையிலிருந்து இரண்டு கரண்டி ஆப்பச் சோடா. கூடவே படிவம் ஐந்து இயற்பியலில் படித்த ஓம் விதி. அதை எஸ்பிஎம் தேர்வோடு மறந்துவிட்டவர்களும் கவலைப்பட வேண்டாம், வழியில் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

பிரச்சினை நம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். காலையில் சாவியைத் திருப்புகிறோம். மீட்டர் பலகையில் விளக்கெல்லாம் எரிகிறது, ரேடியோ பாடுகிறது. ஆனால் என்ஜின் சுற்றவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம், இல்லையென்றால் ‘டக்டக்டக்டக்’ என்று வரிசையாகச் சத்தம். உடனே பக்கத்து வீட்டு அங்கிள் வந்து, “பேட்டரி போச்சு தம்பி” என்பார். எதிர்வீட்டு அண்ணன், “இல்ல இல்ல, ஸ்டார்ட்டர்தான்” என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், இரண்டும் தப்பாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் சாமானை மாற்றினால் காசு வீணாகும். இந்தக் கட்டுரை அந்த இடத்துக்குத்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். என்ஜின் ‘ர்ர்ர்ர்’ என்று நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு பாடம். பெட்ரோல், ஸ்பார்க் பிளக், சென்சர் பக்கம் போக வேண்டும். சத்தமே இல்லை என்றால் அதுவும் வேறு. கியர் ‘பி’யில் சரியாக உட்கார்ந்ததா, ‘என்’னில் போட்டால் ஸ்டார்ட் ஆகிறதா, சாவியின் இம்மொபிலைசர் விளக்கு விடாமல் மின்னுகிறதா, ஃபியூஸ் எரிந்ததா என்று பார்க்க வேண்டும். இங்கே பேசப்போவது சத்தம் வந்தும் சுற்றாத காரைப் பற்றி மட்டும்.

அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது?

ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது என்ஜினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய மின்மோட்டார். அதன் முதுகில் இன்னொரு சின்ன உருளை இருக்கும். அதுதான் சோலனாய்டு. சாவியைத் திருப்பும்போது வரும் சின்ன மின்னோட்டம் சோலனாய்டின் கம்பிச்சுருளை மின்காந்தமாக்குகிறது. அது உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு இரண்டு வேலை செய்யும். ஒரு பக்கம் மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி என்ஜினின் பெரிய பல்சக்கரத்தோடு கோக்கிறது. மறுபக்கம் தடித்த செம்புத் தொடுமுனைகளை மூடி, பேட்டரியின் முழுச் சக்தியையும் மோட்டாருக்குள் விடுகிறது. நாம் கேட்கும் ‘டக்’ அந்தத் தண்டு போய் முட்டும் சத்தம். அதாவது, கனமான ‘டக்’ கேட்டால் சாவி, ஃபியூஸ், ரிலே, சோலனாய்டுக்குப் போகும் சின்ன வயர் எல்லாம் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். பாதிக் காரை அந்த ஒரு சத்தத்திலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

(டேஷ்போர்டுக்கு அடியிலோ ஃபியூஸ் பெட்டியிலோ மெல்லிய ‘டிக்’ மட்டும் கேட்டால் அது ரிலே. சோலனாய்டு வரைக்கும் மின்சாரம் போகவில்லை என்று சந்தேகப்படலாம். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் போனட் பக்கம் நின்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.)

இந்த மின் ஸ்டார்ட்டரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங். 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் அது வந்தது. அதற்கு முன்னால் காரின் முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை உடையும். மின்மோட்டாரால் என்ஜினைச் சுற்ற வேண்டுமென்றால் மோட்டார் மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கெட்டரிங் முன்பு கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்திய ஆள். பணப்பெட்டி நாள் முழுக்க ஓடுவதில்லை, ஒரு நொடி இழுத்தால் போதும். அதே யோசனையைக் காருக்கும் கொண்டுவந்தார். சில நொடிகளுக்கு மட்டும் என்றால், சின்ன மோட்டாருக்குள் அது தாங்குகிற அளவைத் தாண்டியும் மின்னோட்டத்தை விடலாம். இன்றைய ஸ்டார்ட்டரும் அதே கதைதான். அதனால்தான் பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஒரு முறை முயன்றால் அரை நிமிடமாவது விட்டுவிட்டு மறுபடி முயல வேண்டும். இல்லையென்றால் உள்ளே சூடேறி, நல்ல ஸ்டார்ட்டரும் கெட்டுவிடும்.

‘டக்டக்டக்’ ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது. சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று இழுக்கும் சுருள், வலிமையானது. இன்னொன்று பிடித்துவைக்கும் சுருள், கொஞ்சம் பலவீனமானது. தண்டு முழுதாக உள்ளே போனதும் இழுக்கும் சுருளுக்கு வேலை முடிகிறது. பிடித்துவைக்கும் சுருள் மட்டும் தண்டைப் பிடித்திருக்கும்.

பேட்டரி பலவீனமாக இருந்தால் என்ன நடக்கும்? சாவியைத் திருப்பும்போது பேட்டரியில் 12 வோல்ட் மாதிரி இருக்கும். தண்டு உள்ளே போகும், ‘டக்’. உடனே மோட்டார் நூறுக்கு மேற்பட்ட ஆம்பியரைக் கேட்கும். பேட்டரியால் கொடுக்க முடியாது, மின்னழுத்தம் சட்டென்று ஐந்து ஆறு வோல்ட்டுக்கு விழும். பிடித்துவைக்கும் சுருளால் பிடிக்க முடியாமல் ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளும். தள்ளியதும் மோட்டாரின் தொடர்பு அறுந்துவிடும். சுமை இல்லாததால் மின்னழுத்தம் மறுபடி ஏறும். ஏறியதும் தண்டு உள்ளே போகும், ‘டக்’. இப்படியே ஒரு நொடிக்குள் பல தடவை. சுருக்கமாகச் சொன்னால், வேகமான ‘டக்டக்’ என்பது “எனக்கு வோல்ட் இருக்கிறது, ஆனால் சுமையைத் தூக்க முடியவில்லை” என்று கார் சொல்வது. அதற்குக் காரணம் பேட்டரியாக இருக்கலாம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கெட்டுப்போன இணைப்பாகவும் இருக்கலாம். சத்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அளந்து பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு கனமான ‘டக்’, அதற்குப் பிறகு அமைதி என்றால் சந்தேகம் ஸ்டார்ட்டர் பக்கம் சாயும். செம்புத் தொடுமுனை கரிந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அரிதாக மோட்டாரோ என்ஜினோ இறுகிப்போயிருக்கலாம். இங்கேயும் மோசமான இணைப்பு குறுக்கே வரலாம்.

“லைட் எரியுது, அப்புறம் எப்படி பேட்டரி போகும்?”

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. நியாயமான கேள்வி. பதில் ஓம் விதியில் இருக்கிறது.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் மாவு போன்ற துரு, 0.02 ஓம் மின்தடையைச் சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சின்னத் தடைதானே என்று தோன்றும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்தால் அது கண்ணுக்கே தெரியாது. இப்போது முன்விளக்கைப் போடுகிறோம். 55 வாட் பல்பு இரண்டு, சுமார் 9 ஆம்பியர். 9 பெருக்கல் 0.02 என்றால் 0.18 வோல்ட் இழப்பு. விளக்கு பளிச்சென்று எரியும், கண்ணால் வித்தியாசமே சொல்ல முடியாது. அடுத்து ஸ்டார்ட்டர். அது 150 ஆம்பியர் கேட்கிறது. 150 பெருக்கல் 0.02 என்றால் 3 வோல்ட் அந்தத் துருவிலேயே தொலைந்துபோகிறது. மோட்டாருக்கு மிச்சம் ஒன்பதுக்கும் குறைவு.

பேட்டரிக்கு உள்ளேயும் இதே கணக்குதான். படிவம் ஐந்தில் ‘ரிந்தாங்கான் டாலாம்’ என்று படித்தோமே, அகத்தடை, அதுதான். நல்ல பேட்டரியின் அகத்தடை 0.01 ஓம் என்று வைத்தால் 150 ஆம்பியரில் இழப்பு 1.5 வோல்ட். 12.6லிருந்து 11.1க்கு இறங்கும், என்ஜின் சுற்றும். பழசாகி அகத்தடை 0.03 ஆகிவிட்டால் இழப்பு 4.5. மிச்சம் 8.1 வோல்ட்தான். ஆனால் இதே பேட்டரியைச் சும்மா இருக்கும்போது மீட்டரில் பார்த்தால் 12.6 என்றே காட்டும்! சும்மா இருக்கும் பேட்டரியை மட்டும் அளந்து “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சுமை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். மனுசனும் அப்படித்தான் என்று எங்கள் தாத்தா சொல்வார், அது போகட்டும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை. முன்விளக்கைப் போட்டு, ஒருவர் காரின் முன்னால் பக்கவாட்டில் நின்று பார்க்க, இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். சாவியைத் திருப்பும் முன்பே விளக்கு மங்கல் என்றால் பேட்டரி காலி. முதலில் பளிச்சென்று இருந்து, திருப்பும்போது அணைந்தே போகிற மாதிரி ஆனால் பேட்டரி பலவீனம், அல்லது பேட்டரி டெர்மினல் இணைப்பு மோசம். விளக்கு கொஞ்சமும் மங்காமல் ‘டக்’ மட்டும் கேட்டால் மின்னோட்டம் மோட்டாருக்குள் போகவே இல்லை. அப்போது ஸ்டார்ட்டரையும் அதற்குப் போகும் தடித்த கேபிளையும் எர்த் வயரையும் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் நடந்தது

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வரிசையில் ஓர் அத்தை இருக்கிறார். மாமாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலையில் அத்தைதான் காரில் கூட்டிப்போவார். அந்தக் கார் இரண்டு நாள் விட்டு ஒரு நாள் ‘டக்டக்’ என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் பேட்டரி மாற்றினார்கள். இரண்டு வாரம் ஓடியது. மறுபடியும் ‘டக்டக்’. இப்போது “ஸ்டார்ட்டர் மாத்தணும்” என்று நானூறு வெள்ளிக்கு மேல் கேட்டார்களாம்.

“தம்பி, மாமாவுக்கு நாளைக்கு ட்ரீட்மெண்ட் இருக்கு. காசு கொடுத்துடலாம்னுதான் இருக்கேன். ஆனா அதுக்கப்புறமும் ஸ்டார்ட் ஆகலைன்னா நான் எங்கடா போவேன்?” என்றார் அத்தை.

அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் பட்டது. ஸ்டார்ட்டர் கெட்டது என்று யாரும் அளந்து சொல்லவில்லை. பேட்டரி மாற்றியும் தீரவில்லை, எனவே ஸ்டார்ட்டர் என்று ஊகம் செய்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் வழியை யாரும் பார்க்கவில்லை.

கைபிரேக் போட்டு, கியரை ‘பி’யில் வைத்து ஆரம்பித்தோம். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட். நல்லது. மீட்டர் முனைகளைப் பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் வைத்துக்கொண்டு அத்தையைச் சாவி திருப்பச் சொன்னேன். ‘டக்டக்டக்’. மீட்டர் 12க்குக் கீழே இறங்கவே இல்லை. இது முக்கியமான தகவல். பேட்டரி பலவீனம் என்றால் இந்த இடத்தில் எண் சட்டென்று விழ வேண்டும். என்ஜினைச் சுற்றும்போது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. இங்கே விழவே இல்லை என்றால் பேட்டரியிடமிருந்து பெரிய மின்னோட்டத்தை யாரும் வாங்கவில்லை. வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்பைக் கண்டுபிடிக்கும் முறைக்கு மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை என்று பெயர். ஒரு நல்ல கேபிளின் இரண்டு முனைக்கும் நடுவில், மின்னோட்டம் ஓடும்போதும் கிட்டத்தட்ட பூஜ்ஜிய வோல்ட்தான் இருக்க வேண்டும். வோல்ட் காட்டினால் அங்கே தடை இருக்கிறது. பிளஸ் பக்கம் முதலில்: மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பிளஸ் குமிழில், இன்னொன்று ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில். சாவி திருப்பும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இருந்தது. அடுத்து மைனஸ் பக்கம்: ஒரு முனை மைனஸ் குமிழில், இன்னொன்று என்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்பில். இது 0.2, 0.3க்குள் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் மீட்டர் எண் குதித்தது. நான்கு, ஏழு, ஐந்து என்று நிற்காமல் ஆடியது.

எர்த் வயர். என்ஜினையும் காரின் உடம்பையும் பேட்டரி மைனஸையும் இணைக்கும் அந்தச் செம்புப் பின்னல் கேபிள், போல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. விளக்கெல்லாம் காரின் உடம்பு வழியாக எர்த் ஆகிறது, அதனால் பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டருக்கு மட்டும் என்ஜின் இரும்புதான் திரும்பும் வழி. அந்த வழிதான் கெட்டிருந்தது. புதுக் கேபிள் வாங்கி, போல்ட் உட்காரும் இடத்தை மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி முடுக்கினோம். கேபிள் முப்பது வெள்ளிக்குள்தான். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அந்தக் காரின் சத்தம் கேட்டு நான் எழுந்தேன்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஃபோர்மேன்கள் பலரிடம் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் “ஸ்டார்ட்டர் மாத்தணும்” என்று யாராவது சொன்னால், “எத்தனை வோல்ட் காட்டுச்சு அண்ணே?” என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். அளந்தவர் உடனே பதில் சொல்வார்.

கை வைக்கும் முன்

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும், ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். சிகரெட் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கையில் போட்டிருக்கும் மோதிரம், வெள்ளிக் காப்பு, இரும்பு வளையம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். காப்பு பிளஸ் குமிழையும் காரின் உடம்பையும் ஒரே நேரத்தில் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாக ஓடும், உலோகம் பழுக்கக் காயும். சாமிக்குப் போட்ட காப்பு என்றாலும் பத்து நிமிடம் பாக்கெட்டில் இருக்கட்டும்.

டெர்மினலைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றினால், ஸ்பேனர் நழுவிக் காரின் உடம்பைத் தொட்டதும் பொறி பறக்கும். மைனஸ்ஸை முதலில் எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. பூத்துப்போன துருவுக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கும், அமிலம் முறிகிறது என்று அர்த்தம். பேட்டரியின் மூடித் துளைக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. பிறகு துடைத்து, தேய்த்து, இறுக்கமாக மாட்டுங்கள். கையால் பிடித்துத் திருகினால் கிளாம்ப் அசையக் கூடாது.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால் வடிகட்டிய பேட்டரித் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கடையில் விற்கும் மினரல் வாட்டரும் வேண்டாம். பெயரிலேயே மினரல் இருக்கிறது.

ஜம்பர் கேபிள்

வரிசை இதுதான். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில், கடைசி முனை செத்த காரின் என்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி வரும். அந்தப் பொறி ஹைட்ரஜன் இருக்கும் பேட்டரிக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் காரின் கணினியும் சேர்ந்தே போய்விடும், அவசரத்தில் யாரோ சொல்வதைக் கேட்டு மாட்டாதீர்கள், நீங்களே குறியைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ வெடித்துக் கசிந்தாலோ ஜம்ப் பண்ணவே வேண்டாம்.

பசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் ஜம்பர் கேபிளின் ரப்பர் தடிமனாக இருக்கும், உள்ளே செம்பு நூல் மாதிரி இருக்கும். மறுபடியும் அதே ஓம் விதி. அப்படிப்பட்ட கேபிள்தான் இருக்கிறது என்றால் மாட்டியதும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். நல்ல காரின் என்ஜினை ஓடவிட்டு ஐந்து பத்து நிமிடம் காத்திருந்தால் செத்த பேட்டரிக்குள் கொஞ்சம் சார்ஜ் ஏறிவிடும்.

ஜம்ப் பண்ணியதும் உடனே பிடித்துக்கொண்டால் கோளாறு பேட்டரியிலோ அதன் டெர்மினலிலோ. ஜம்ப் பண்ணியும் அதே ‘டக்’ என்றால் ஸ்டார்ட்டர் பக்கம் போங்கள். ஸ்டார்ட்டரை ஸ்பேனரால் தட்டி எழுப்பும் பழைய வித்தை உண்மையிலேயே வேலை செய்யும், தேய்ந்த பிரஷ் ஒரு கணம் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் மெதுவாகத் தட்ட வேண்டும். இப்போதைய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் நிரந்தரக் காந்தங்கள் இருக்கின்றன, ஓங்கி அடித்தால் உடையும். தட்டிப் பிடித்தது என்றால் அது வீடு போய்ச் சேருவதற்கு மட்டும்தான். தள்ளி ஸ்டார்ட் செய்வது கைகியர் காருக்கு மட்டும். ஆட்டோ காரை எத்தனை பேர் தள்ளினாலும் வேர்வைதான் மிச்சம்.

நம் ஊரில் பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது?

1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. அது ஒரு வேதிவினை என்பதால் சூடு அதைத் தின்னும். வெப்பம் 10 பாகை ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்று பொறியாளர்கள் கணக்குச் சொல்வார்கள். ஈப்போ வெயிலில் போனட்டுக்கு அடியில் என்ன சூடு என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர் நாட்டில் ஐந்து வருடம் ஓடுவது இங்கே இரண்டு வருடத்தில் கையை விரிப்பது இதனால்தான்.

தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் வரைக்கும் காவடிகள் போகும் பாதையில், தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்றிவந்த கார் ஓரமாக நிற்கும். என்ஜினை நிறுத்திவிட்டு ஹசார்ட் விளக்கை மட்டும் போட்டு வைப்போம். 21 வாட் பல்பு நான்கு, 84 வாட், அதாவது 7 ஆம்பியர். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைவதால் சராசரி மூன்றரை. ஐந்து மணி நேரம் நின்றால் 17.5 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-மணி அளவுதான். பாதி தீர்ந்தது. பூட் திறந்து கிடந்து அதன் விளக்கும் எரிந்தால், போனுக்குச் சார்ஜும் போட்டால், விடிந்ததும் ‘டக்டக்’ நிச்சயம். அடுத்த முறை பந்தலில் வேலை செய்யும் தம்பிமார்கள் ஒரு முக்கோணப் பலகையைப் பின்னால் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பித்தது நினைவிருக்கும். முதல் கட்டம் மார்ச் 31 வரை, இரண்டு வாரம். பிறகு நீண்டுகொண்டே போனது. கார்கள் அசையாமல் நின்றன. அலாரமும் கணினியும் காருக்குள் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 0.05 ஆம்பியர் வரை சாதாரணம் என்பார்கள். அந்த உச்ச அளவில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. இரண்டு வாரத்தில் சின்னப் பேட்டரியில் பாதி. அதற்கு மேல் டேஷ்கேம் நேரடியாகப் பேட்டரியில் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். நீண்ட நாள் ஊருக்குப் போகும்போது மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம்.

“ஜம்ப் பண்ணிட்டோம்ல, பத்து நிமிஷம் ஓட்டுனா ஏறிடும்” என்பதும் தப்புக் கணக்கு. ஒரு தடவை ஸ்டார்ட் செய்யச் செலவாவது மிகக் குறைவு. 150 ஆம்பியர், இரண்டு நொடி, அதாவது 0.1 ஆம்பியர்-மணிகூட இல்லை. அதை ஒரு நிமிடத்தில் ஆல்டர்னேட்டர் திருப்பித் தந்துவிடும். ஆனால் 17 ஆம்பியர்-மணி இறங்கிய பேட்டரிக்குள் 10, 15 ஆம்பியர் வீதம் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நிறைய நிறைய ஏறும் வேகமும் குறையும்.

கார் ஸ்டார்ட் ஆனபின் கடைசியாக ஓர் அளவு. என்ஜின் ஓடும்போது பேட்டரிக் குமிழ்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். 13க்குக் கீழே என்றால் பெல்ட் தளர்ந்ததா, ஆல்டர்னேட்டர் போயிற்றா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி போட்டால் அந்தப் புதுப் பேட்டரியும் சில நாளில் செத்துவிடும். இன்னொன்று: என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி “ஓடுது பார், ஆல்டர்னேட்டர் நல்லாருக்கு” என்று காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. கார்புரேட்டர் காலத்துக் காரில் தப்பித்தது. இப்போதைய காரில் மின்னழுத்தம் திடீரென்று எகிறிக் கணினியைக் கெடுத்துவிடும். யாராவது உங்கள் காரில் அப்படிச் செய்யப்போனால், “வேணாம் அண்ணே” என்று தடுத்துவிடுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

நாளைக் காலை, யாரும் காரை எடுக்கும் முன், போனட்டைத் திறந்து பேட்டரியை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். இரவு முழுக்க நின்ற கார்தான் சரியான அளவு தரும், இப்போதுதான் ஓடிவந்த காரில் எண் பொய்யாகக் கூடக் காட்டும். 12.6 என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால், 11.8 காலி. பிறகு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, சுற்றும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஓடும்போது எவ்வளவு என்று பாருங்கள். மூன்று எண்களையும் தேதியோடு பேட்டரியின் மேல் ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால், இரண்டாவது எண் இறங்கிக்கொண்டே வருவது தெரிந்தால், கார் நடுரோட்டில் நிற்பதற்கு முன்பே பேட்டரிக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கலாம். வீட்டில் டயாலிசிஸுக்கோ வேலைக்கோ தினமும் கார் தேவைப்படும் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் காரையும் அளந்து கொடுங்கள். பழைய பேட்டரியை மட்டும் வீட்டு ஓரத்திலோ ஆற்றங்கரையிலோ போட்டுவிடாதீர்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. புதிது வாங்கும் கடையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், விலையிலும் கொஞ்சம் கழிப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.